அத்தானின் கப்பலுக்கு இரண்டு மோட்டார்

வீடு, பிப்ரவரி 4

அன்புள்ள வாலு,

உடம்பு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த இன்ஜின் அறையில் எண்ணெய் குடித்தே பழகிவிட்டாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்புக்குத்தான் சொல்கிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. இரண்டு அறை வீடு. சமையலறையில் நான் பெருமூச்சு விட்டால் கூடத்தில் இருக்கிற மனிதருக்குக் கேட்கும். அதனால் பல் செட் செய்கிற எங்கள் பட்டறையில், யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல்லை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய, துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கிற பொம்மைப் போர்க்கப்பல் பெட்டி வந்தது. "எதுக்கு இந்த வெட்டிச் செலவு?" என்றார். இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். அப்புறம் பிரித்தார். இப்போது சாப்பாட்டு மேசை முழுக்கப் பீரங்கியும் ஏணியும்தான். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து ஒட்டிக்கொண்டே இருக்கிறார்.

சந்தோஷம்தான். ஆனால் பஸ்ஸில் பிரேக் பிடிக்காமல் போன அன்றிலிருந்து இந்த மனிதர் வாசல் கேட்டைத் தாண்டவே இல்லை, வாலு. சரிவில் பஸ்ஸைச் சுவரோடு உரசியே நிறுத்தினார். அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது, அதுவும் கூடிவிட்டது. டிரைவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். இவர் காதில் ஏறினால்தானே! முடிவெட்டுகிறவர்கூட வீட்டுக்குத்தான் வருகிறார்.

இது அலமாரியில் வைக்கிற கப்பல். ஒட்டி முடித்ததும் அலமாரிக்குப் போகும், அவர் அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அதுவே ஓடுகிற கப்பலாக இருந்தால்? அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பூங்காக் குளத்தில் இருக்கிறது. புரிகிறதா என் திட்டம்? மோட்டார் வைத்து ரிமோட்டில் ஓட்ட என்ன செய்யவேண்டும், எழுது.

ஊருக்கு எப்போது வருகிறாய்?

உன் அக்கா

&nbsp;

கப்பல், பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

துறைமுகத்தில் உன் கடிதம் காத்திருந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அதைப் பெரிதாக்காதே.

திட்டம் பிரமாதம். நீ அரசியலுக்குப் போயிருக்க வேண்டியவள். ஆனால் நான் நிஜக் கப்பலில் ஸ்பானர் பிடிப்பவன், பொம்மை செய்ததில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கப்பலின் பின்பக்கம் அடியில் விசிறி மாட்டிய பிளாஸ்டிக் குச்சிகள் இருக்கும். அவை சும்மா அழகுக்கு. அவற்றை எடுத்துவிட்டு, அடித்தட்டில் துளை போட்டு, மெல்லிய பித்தளைக் குழாயைச் சாய்வாகச் செருகவேண்டும். குழாய்க்குள் எஃகுத் தண்டு. தண்டின் வெளிமுனையில் விசிறி, உள்முனையில் மோட்டார். மோட்டாரும் தண்டும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் நிற்கவேண்டும். கொஞ்சம் கோணினாலும் கப்பல் முழுக்க உறுமும். நாலு விசிறியில் இரண்டுக்கு மோட்டார் வைத்தால் போதும், மற்ற இரண்டும் தண்ணீர் இழுக்கிற இழுப்பில் தானே சுற்றும். இடதும் வலதும் எதிரெதிராகச் சுற்றவேண்டும், மறந்துவிடாதே.

இங்கே ஒரு கடையில் எல்லாம் கிடைத்தது. மோட்டார், குழாய், தண்டு, விசிறி, சுக்கானைத் திருப்ப ஒரு குட்டி மோட்டார், ரிமோட். பார்சல் போட்டுவிட்டேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

&nbsp;

வீடு, மார்ச் 24

அன்புள்ள வாலு,

நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம், ஆனால் காது இன்னும் கொதிக்கிறது. கேள்.

பட்டறையிலிருந்து பல் குடைகிற டிரில்லை எடுத்துவந்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, கப்பலைக் குப்புறப் போட்டு, நீ சொன்ன மாதிரி துளை போட்டேன். ஒன்றை முடித்து இரண்டாவதில் பாதி போயிருப்பேன். தலை துவட்டிக்கொண்டே வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு என் கப்பல்ல ஓட்டை போட்டே?"

"ஓடட்டுமேன்னுதான்..."

"ஓடட்டுமேன்னா? இந்தக் கோணத்துல குழாய் வச்சா விசிறி கப்பலோட அடிவயித்துல போய் இடிக்கும். கண்ணு இருக்கா இல்லையா? இதென்ன பல்லு பிடுங்குற இடமா?"

"நான் பல்லு பிடுங்குறதில்ல. செய்யுறேன்."

"தள்ளு!"

அந்தப் பிரேக் விஷயத்துக்குப் பிறகு இந்த மனிதர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. திட்டு வாங்கிக்கொண்டே சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன்.

என் துளை பெரிதாகிவிட்டதால் குழாயைச் சுற்றி இடைவெளி. பல் செட்டுக்கு ஈறு செய்கிற பிசின்தான் கையில் இருந்தது. அதைக் குழைத்து அப்பினோம். உலகத்திலேயே ஈறு வைத்த போர்க்கப்பல் நம்முடையதுதான். ரோஜா நிறத்தில், சிரித்துவிடும் போல இருக்கிறது. "பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்துவிட்டேன்.

நீ எப்போது வருகிறாய்? போன தடவையும் கேட்டேன்.

உன் அக்கா

&nbsp;

கப்பல், ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கடல் அமைதி, நானும் அமைதி. ஈறு விஷயத்தை இன்ஜின் அறையில் சொன்னேன். தலைமை இன்ஜினியர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். கப்பலுக்குப் பல் முளைத்தால் தகவல் சொல்லவேண்டுமாம்.

அத்தான் கையில் எடுத்துக்கொண்டாரா! அது போதும் எனக்கு. மோட்டாரும் தண்டும் சேருகிற இடத்தில் நான் அனுப்பிய குட்டி இணைப்பு சரியாக இருக்கிறதா? உறுமல் வந்தால் மோட்டார் அடியில் மெல்லிய தகடு கொடுத்துப் பார்க்கச் சொல். அத்தானுக்கு இதெல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை, சும்மா சொல்லிவை.

குளத்துக்குப் போனதும் உடனே எழுது.

உன் தம்பி

&nbsp;

வீடு, மே 16

அன்புள்ள வாலு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. நான் கேட்பதற்கு நீ எங்கே பதில் சொல்கிறாய்!

கப்பல் ஓடுகிறது. முதலில் உறுமியது. ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை மோட்டார்மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார், பஸ் இன்ஜினைக் கேட்பாரே அந்த மாதிரி. "இடது பக்கம்தான் முரண்டு பிடிக்குது" என்றார். தகடு கொடுத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. குழாயின் உள்முனையில் ரப்பர் வளையம் மாட்டி, கெட்டிக் கிரீஸ் திணித்து, ஒரு சொட்டுகூட உள்ளே வராமல் அடைத்துவிட்டார். வேலை என்றால் அது வேலை.

துணி துவைக்கிற தொட்டியை நிரப்பி விட்டுப் பார்த்தோம். இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்றின, சுக்கான் திரும்பியது. கப்பல் ஒரு முக்கு முக்கிவிட்டு எதிர்ச்சுவரில் போய் முட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தலைகால் புரியாமல் கேட்டுவிட்டேன், "குளத்துக்குப் போலாமா?"

முகம் சுருங்கிப்போனது. "தொட்டியில ஓடுதுல்ல. போதும்."

அடுத்த நாள் டெப்போ மேலாளர் வந்தார். பஸ் ஓட்ட வேண்டாம், பட்டறையில் பிரேக் சோதிக்கிற வேலை காலியாக இருக்கிறது, செப்டம்பர்வரை வைத்திருக்கிறேன், ஒரு நடை வந்து பார்க்கட்டும் என்றார். நல்ல மனிதர். அவர் போகிறவரைக்கும் அத்தான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தார். நான் டீ கொடுத்து, "அவருக்கு வயிறு சரியில்லை" என்று பல்லிளித்தேன்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், எப்போது வருகிறாய்?

உன் அக்கா

&nbsp;

கப்பல், ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். நீ அத்தானை அவசரப்படுத்தாதே, எல்லாம் நல்லபடியாக முடியும்.

முக்கியமான விஷயம் ஒன்று. தண்டு உள்ளே வருகிற இடத்தை அத்தான் ஒரேயடியாக அடைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். அது தப்பு. எங்கள் கப்பலில் அந்த இடத்தை அப்படி இறுக்கமாட்டோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் தண்ணீர்தான் தண்டைக் குளிரவைக்கும். இறுக்கினால் சூடேறித் தண்டே தேய்ந்துவிடும். சொட்டு விழுகிறதா என்று பார்ப்பதுதான் இங்கே என் தினசரி வேலை. அதனால் வளையத்தைக் கழற்றி, கிரீஸைத் துடைத்துவிடச் சொல். இதில் என் பேச்சை நம்பு.

உன் தம்பி

&nbsp;

வீடு, ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

கப்பலுக்குப் பெயிண்ட் முடிந்தது. சாம்பல் நிறம். ஈறு மறைந்துவிட்டது. மேல்தளத்தைத் திருகு போட்டு மூடியாகிவிட்டது, பாட்டரி மாற்ற மட்டும் ஒரு கதவு. கொடிக்கம்பம் இரண்டு தடவை ஒடிந்தது, நான் பல் கம்பி வைத்து ஒட்டினேன். பட்டறையில் வேலை அதிகம். இங்கே வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. மேல்தளத்துப் படகுகளுக்கு வெள்ளை அடிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

&nbsp;

கப்பல், ஜூலை 29

அக்கா,

நீ நலம் என்று எழுதியதை நான் நம்பவில்லை. கடிதம் முழுக்கக் கொடிக்கம்பமும் வெள்ளைப் பெயிண்டும். அத்தானைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ என்னை வாலு என்றுகூடக் கூப்பிடவில்லை. என்ன நடந்தது? சண்டையா?

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு எப்போதோ விடுப்பு வந்துவிட்டது. தள்ளிப்போட்டவன் நான்தான். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற என்னைப் பார்த்துத் தூரத்திலிருந்தே ஹாரன் அடித்து ஊரையே திரும்பிப் பார்க்கவைக்கிற மனிதர் அவர். அவரை இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறவராகப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். என்ன வேண்டுமானாலும் திட்டு, ஆனால் எழுது.

உன் வாலு

&nbsp;

வீடு, ஆகஸ்ட் 18

என் கண்ணே வாலு,

நான் நலம். அத்தான் நலம். கப்பல் நலமில்லை, அதற்குக் காரணம் நீ.

சண்டைதான். "ஆயுசு முழுக்க இந்தத் தொட்டியையே சுத்திட்டு இருங்க" என்று ஜூன் கடைசியில் வாயை விட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. சோற்றைப் போடுவேன், அவர் சாப்பிடுவார், நான் தட்டைக் கழுவுவேன். அதை எப்படி எழுதுவது? கொடிக்கம்பத்தை எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது. யாரும் வரவேண்டாம், நானே குளத்துக்குப் போகிறேன் என்று முடிவு செய்தேன். அவர் கூடத்தில் படுத்திருந்தபோது, நீ சொன்ன மாதிரி, பாட்டரிக் கதவு வழியாக வளையம் இரண்டையும் கழற்றினேன், குச்சியில் பஞ்சு சுற்றிக் கிரீஸைத் துடைத்தேன். அவரிடம் கேட்கவில்லை. பேசினால்தானே கேட்பதற்கு! வளையங்களைச் சமையல் மேடையில் ஒரு தட்டில் வைத்துவிட்டு, கப்பலைப் போர்வையில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஏறெடுத்துப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குளத்தில் விட்டதும் எப்படிப் போனது தெரியுமா! நேர்க்கோடு பிடித்து, பின்னால் நுரை தள்ளிக்கொண்டு. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். நான் பெரிய தளபதி மாதிரி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுக்குளத்துக்குப் போனதும் வேகம் குறைந்தது. பின்பக்கம் தாழ்ந்தது. விசையை முழுக்கத் தள்ளினேன், இன்னும் தாழ்ந்தது.

அப்போது பின்னால் ஒரு குரல். "திருப்பு! கரைக்குத் திருப்பு! அடியே, திருப்புன்னா திருப்பு!"

பனியனோடு, வெறுங்காலோடு, ஓடி வருகிறார். பஸ் போகிற சாலையைக் குறுக்கே தாண்டித்தான் வரவேண்டும். வந்தவர் நிற்கவே இல்லை, அப்படியே குளத்துக்குள் இறங்கிவிட்டார். முழங்கால், இடுப்பு, மார்பு. கொடிக்கம்பம் மட்டும் வெளியே தெரிந்தபோது எட்டிப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். துவாரத்திலிருந்தெல்லாம் தண்ணீர் கொட்டியது. நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கரைக்கு வந்ததும் கத்தினார். "எந்த மடையன் சொன்னான் வளையத்தைக் கழட்டச் சொல்லி?"

"என் தம்பி. சொட்டு விழணுமாம்."

"அவன் கப்பல்ல தண்ணிய இறைக்கப் பம்பு இருக்கு! இதுல யாரு இறைப்பா, நீயா?"

அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தார். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. என் தோளை எட்டிப் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் உட்காரவைத்துக் கப்பல் சுற்றிய போர்வையை அவருக்குப் போர்த்தினேன். "எப்படிங்க வந்தீங்க?" என்றேன்.

"தெரியல. தட்டுல வளையத்தைப் பார்த்தேன். அப்புறம் இங்க இருந்தேன்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, வாலு. ஆனாலும் முழுக்கச் சந்தோஷப்பட்டுவிடாதே. வீட்டுக்கு வருவதற்குள் என் கையை நசுக்கிவிட்டார், சுவரோரமாகவே நடந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை வெளியே போகவில்லை. அவசரத்தில் ஓடியது வேறு, நிதானமாக நடப்பது வேறு போலிருக்கிறது. ஆனால் ஜன்னல் திரை திறந்திருக்கிறது. மேசையில் கப்பலைப் பிரித்துப்போட்டு, பகல் வெளிச்சத்தில் மோட்டாரைக் காயவைத்துக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் அக்கா

&nbsp;

கப்பல், செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். எங்கள் தண்ணீர் இறைக்கிற பம்பு பக்கத்திலேயே நின்று படித்தேன், என்ன கேவலம் பார்! தினமும் அதைத் தொடுகிறேன், ஆனால் பொம்மைக்கு அது இல்லை என்று என் மண்டையில் ஏறவில்லை. அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவருடைய கப்பலை நான் மூழ்கடித்தேன். இனிமேல் நானும் ஒரு எதிரி நாடுதான்.

செப்டம்பர் பிறந்துவிட்டதே, டெப்போ விஷயம் என்ன ஆயிற்று?

உன் வாலு

&nbsp;

வீடு, செப்டம்பர் 21

அருமை மாப்ளே,

உன் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டுமாம், உன் அக்கா தலைக்கு மேல் நிற்கிறாள். நன்றாகத்தான் இருப்பாய். அடுத்தவன் கப்பலை மூழ்கடிக்கிறவனுக்கு என்ன குறை!

ஒரு மோட்டார் போய்விட்டது. இன்னொன்று பிழைத்துக்கொண்டது. ரிமோட்டுக்குப் பதில் சொல்கிற பெட்டியை ஹேர் டிரையரில் காட்டிக் காட்டி உயிர் கொடுத்தேன். புது வளையம் போட்டு, கிரீஸ் திணித்து, அடைத்துவிட்டேன். இனி இதைப்பற்றி எவன் ஆலோசனை சொன்னாலும், அவன் எந்தக் கடலில் இருந்தாலும், கேட்பதாக இல்லை.

இனி வேறு விஷயம். இதை உன் அக்காவிடம்கூட முழுக்கச் சொல்லவில்லை.

அன்றைக்கு அந்தச் சரிவில் பிரேக்கை மிதித்தேன். கால் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. பிடிமானமே இல்லை. அப்புறம் சுவர், சத்தம் எல்லாம் நீ கேள்விப்பட்டதுதான். எனக்கு மறக்காதது அந்தக் கால்தான். அதற்குப் பிறகு வாசலில் இறங்க நினைத்தாலே பாதம் அப்படி உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்று தோன்றும். தரை பிடிக்காது என்று தோன்றும். சிரிப்பாக இருக்கும் உனக்கு. எனக்கு அது நிஜம்.

குளத்தில் அடியெல்லாம் சேறு. இறங்கினதும் கால் உள்ளே போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தது கப்பலை, அதனால் இதைக் கவனிக்க நேரமில்லை. போய், ஓரிடத்தில் நின்றது மாப்ளே. கெட்டியாக நின்றது. அதன்மேல் ஊன்றித்தான் எட்டிப் பிடித்தேன்.

இதை வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தேன். யோசித்து என்ன, போய்ப் பார்க்கத்தான் வேண்டும். முந்தாநாள் கேட்வரைக்கும் போனேன். நேற்று பக்கத்து வீட்டுச் சுவர்வரைக்கும். வியர்த்துக் கொட்டியது, திரும்பிவிட்டேன். டெப்போ மேலாளரிடம் போனில் பேசிவிட்டேன். மாதம் முடிவதற்குள் வந்து பார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். பிரேக் சோதிக்கிற வேலை. பிரேக்கை என்னைப்போல நம்பாமல் சோதிக்கிற ஆள் வேறு எவனும் கிடைக்கமாட்டான்.

இந்தக் கடிதத்தைப் பட்டறைக்குப் போகிற வழியில் போட்டுவிடுகிறேன் என்று உன் அக்கா கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. தபால் பெட்டி பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது, உனக்குத் தெரியும். நான் தனியாகப் போகப்போகிறேன். முடியுமா என்று தெரியவில்லை. இது உன் கைக்கு வந்தால், முடிந்தது என்று வைத்துக்கொள்.

அத்தான்

&nbsp;

கப்பல், அக்டோபர் 12

அன்புள்ள அத்தானுக்கு,

கிடைத்தது.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து, உங்கள் ஊர் முத்திரை. இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் "கிடைத்தது, கிடைத்தது" என்று வாய்விட்டுக் கத்தினேன். அப்புறம் படியேறிப் போய் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி, மாலை பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்தில் வந்து நில்லுங்கள், அத்தான்.

உங்கள் வாலு